கண்ணாடி மூடி போட்ட பழைய புட்டிகளில் என்ன இருந்தது? உங்கள் அனுபவங்கள்

பச்சைப்புட்டி, மதுரை:
காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பீங்கானையும் பித்தளையையும் தாண்டி என் கண் போவது மருந்துப் புட்டிகள் மேல்தான். போன மாதம் ஒன்று வாங்கினேன். கரும்பச்சை, ஆறு பட்டை, பட்டைகளில் நெடுக வரிவரியாக மேடு. ‘நாட் டு பி டேக்கன்’ (உட்கொள்ளக் கூடாது) என்று கண்ணாடியிலேயே எழுத்து எழும்பியிருக்கிறது. சென்ட் பாட்டில் என்றார் கடைக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூடியும் இறுகிக் கிடக்கிறது. இதுபோலப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கம்பவுண்டர் மகன், தஞ்சாவூர்:
அண்ணே, அது விஷ மருந்துப் புட்டி. அரிக்கேன் வெளிச்சத்திலும் இருட்டிலும் கை பட்டவுடனே தெரியட்டும் என்றுதான் அந்த வரிகள். பிரிட்டனின் 1868 பார்மசி சட்டப்படி, விஷம் விற்றால் பொருளின் பெயர், ‘பாய்சன்’ என்ற சொல், விற்றவரின் பெயர், முகவரி நான்கும் லேபிளில் இருக்க வேண்டும். ஆனால் நடுராத்திரியில் லேபிளை யார் படிப்பது? பெல்லடோனா, அக்கோனைட் என்ற விஷச் செடிகளில் செய்த, மேலே மட்டும் தேய்க்கிற மருந்துகள் இப்படிப்பட்ட புட்டியில் வரும்.

அப்பா வேலை பார்த்த டிஸ்பென்சரி அலமாரி இன்னும் கண்ணில் நிற்கிறது. லேபிளெல்லாம் சுருக்கிய லத்தீன். ‘அக்வா’ என்றால் நீர், ‘ஓல்’ என்றால் எண்ணெய், ‘சிர்’ என்றால் சிரப். ‘டிங்சர் ஓபியை’ என்று இருந்தால் சாராயத்தில் கரைத்த அபின், அதாவது லாடனம். இருமல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் சொட்டுக் கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் அழுகிற கைக்குழந்தைக்குக்கூட அபின் கலந்த மருந்து புகட்டியிருக்கிறார்கள், படிக்கவே பதறும்.

நோயாளி கையில் இந்த அலமாரிப் புட்டி போகாது. அவர் வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டிலில் மிக்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று பல் வெட்டிய காகிதப் பட்டையை அப்பா ஒட்டிக் கொடுப்பார். அந்தக் காகிதம் ஒட்டிய பாட்டில் யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள், பார்க்க ஆசை.

லண்டன் வாசி:
உண்மையான சென்ட் பாட்டில் ஒன்றை இங்கே போர்டோபெல்லோ சாலைச் சந்தையில் பார்த்தேன். பச்சைக் கண்ணாடி, கிரீடம் போலவே மூடி. 1872இல் தொடங்கிய கிரவுன் பெர்ஃப்யூமரி என்ற வாசனைத் திரவிய நிறுவனத்துடையது. அதுவும் அத்தர் மாதிரி பூசிக்கொள்வதில்லை, லாவெண்டர் வாசம் சேர்த்த முகரும் உப்பு, அம்மோனியா நெடி வீசும். மயக்கம் வந்தால் மூக்கருகே பிடிப்பார்கள். மூடியைச் சற்றுநேரம் திறந்து வைத்தால் அறைக்கே மணம் என்றும் விளம்பரம் செய்தார்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை, திருச்சி:
தம்பி, முதலில் அந்த மூடியைத் திருகுவதை நிறுத்துங்கள்.

நைட்ரிக் அமிலமும் அயோடினும் தக்கையைத் தின்றுவிடும். அதனால்தான் கண்ணாடி மூடி. அதையும் அந்தந்தக் கழுத்துக்கென்றே தேய்த்துப் பொருத்துவார்கள், ஒன்றின் மூடி இன்னொன்றில் சரியாக உட்காராது. சிலவற்றில் மூடியிலும் கழுத்திலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். வெளிச்சம் ஆகாத சில்வர் நைட்ரேட்டுக்குப் பழுப்புக் கண்ணாடி. காஸ்டிக் சோடா கரைசலுக்கு மட்டும் கண்ணாடி மூடி உதவாது, கண்ணாடியையே அரித்து மூடியைக் கழுத்தோடு ஒட்டிவிடும். அதற்கு ரப்பர் தக்கை.

நான் சொல்ல வந்தது பிக்ரிக் அமிலம். ஒரு காலத்தில் தீப்புண் மருந்து, ஆய்வகத்திலும் இருந்தது. ஈரமாக இருக்கும்வரை அடங்கியிருக்கும், காய்ந்தால் வெடிபொருள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பழைய அலமாரியின் மூலையில் இருந்தது, மூடி இடுக்கில் மஞ்சள் படிகம். மூடியைத் திருகும் உராய்வே போதும், வெடிக்க. அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொன்னோம். பழைய ஈதரும் அப்படித்தான், வருடக்கணக்கில் கிடந்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்துவிடும்.

உங்கள் புட்டியைக் கையில் எடுக்காமல் டார்ச் விளக்கை அருகில் பிடித்துப் பாருங்கள். கழுத்தில் படிகமோ அடியில் திரவமோ தெரிந்தால் அப்படியே விடுங்கள். சுத்தமாகக் காலியாக இருந்தால் மட்டும் கழுத்தில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு, ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் கையுறை போட்டு மெல்லத் திருப்புங்கள். திறந்தாலும் முகர்ந்து பார்க்க வேண்டாம். கழுவிவிட்டோமே என்று எண்ணெயோ தேனோ ஊற்றி வைக்கவும் வேண்டாம்.