காஃப் அசிஸ்ட் மெஷின் (இருமிச் சளியை வெளியேற்ற உதவும் கருவி) மதுரையில் வாடகைக்குக் கிடைக்குமா?

போன தை மாதம் மேலூர் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் என் தம்பிக்குக் கழுத்தில், சி5 (கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாவது பகுதி) மட்டத்தில், தண்டுவடம் அடிபட்டுவிட்டது. உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் தசை) வேலை செய்கிறது. விலா, வயிற்றுத் தசைகள் செய்யவில்லை. மூச்சை இழுத்தால் வயிறு எழும்புகிறது, நெஞ்சு உள்ளே போகிறது. படுத்தால் சமாளிக்கிறான், உட்கார வைத்தால்தான் மூச்சு வாங்குகிறது. வயிற்றுக்கு பெல்ட் கட்டிய பிறகு அது பரவாயில்லை.

இருமல்தான் வரவே மாட்டேன் என்கிறது. தொண்டையில் சளி கறகறவென்று கேட்கும், வெளியே வராது. காய்ச்சல் இல்லை, ஆக்சிஜன் 95. நெபுலைசர் வைக்கிறோம். அவன் இரும முயலும்போது அம்மா இரண்டு கையாலும் வயிற்றை மேல்நோக்கி அழுத்திவிடுகிறார். ராத்திரியில் அதுவும் போதவில்லை. டாக்டர் காஃப் அசிஸ்ட் மெஷின் வாங்கச் சொன்னார். விலை எங்களுக்கு எட்டாது.

மதுரையில் அதை மாத வாடகைக்கு எங்கே எடுக்கலாம்?