உள்ளீடற்ற மரச் சறுக்குப் பலகை வெயிலில் உப்புகிறது: காற்றுத்துளை திறந்திருந்தும் ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் கையால் கட்டிய முதல் அலைச்சறுக்குப் பலகையில் ஏற்பட்டுள்ள கோளாறு குறித்து, அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டலை நாடி எழுதுகிறேன்.

பலகையின் நீளம் 7 அடி, அகலம் 53 செ.மீ., நடுவில் தடிமன் 7.5 செ.மீ. உள்ளே நெடுக ஒரு முதுகுச் சட்டமும், அதற்குக் குறுக்கே 25 செ.மீ. இடைவெளியில் 4 மி.மீ. பிளைவுட்டில் அறுத்த விலாச் சட்டங்களும் உள்ளன. மேல்தட்டும் அடித்தட்டும் 6 மி.மீ. பவுலோனியா (எடை குறைந்த ஒரு மரவகை) மரப்பட்டைகளை ஒட்டிச் செய்தவை. வெளிப்புறம் முழுவதும் ஒரு சதுர மீட்டருக்கு 135 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சியில் (கலந்தபின் இறுகும் பிசின்) ஊறவைத்துப் போர்த்தியிருக்கிறேன். வால் பக்கத்தில், முதுகுச் சட்டத்துக்கு வலப்புறமாக, உள்ளே சூடேறும் காற்று வெளியேறுவதற்காக, திருகிக் கழற்றும் மூடியோடு ஒரு காற்றுத்துளை இருக்கிறது.

மூன்றாம் முறை கடலுக்குச் சென்றபோது, இடையில் ஓய்வெடுப்பதற்காகப் பலகையை இரண்டு மணி நேரம் மணலில் வெயில் படும்படி வைத்திருந்தேன். திரும்பி வந்து பார்க்கையில், மூக்கிலிருந்து எண்ணினால் முதல் விலாவுக்கும் இரண்டாம் விலாவுக்கும் இடையே, முதுகுச் சட்டத்தின் இடப்பக்கத்தில் மட்டும், மேல்தட்டு பூரிபோல் எழும்பி நின்றது. நேர்விளிம்புக் கோலை வைத்து அளந்தால் 4 மி.மீ. உயரம். இரவில் அது தானாகவே தணிந்துவிடுகிறது. மறுநாள் வெயிலில் மீண்டும் சற்று எழும்புகிறது. அவ்விடத்தில் விரல் முட்டியால் தட்டினால் மற்ற இடங்களில் கேட்கும் 'டக்' என்ற ஒலி இல்லை. தளர்ந்த மேளம்போல் 'தொம்' என்கிறது. பக்க விளிம்பு மேல்தட்டோடு சேரும் இடத்தில் ஏறத்தாழ 20 செ.மீ. நீளத்துக்கு மயிரிழை போன்ற விரிசல் தெரிகிறது. பலகையைச் சாய்த்தால் உள்ளே சிறிது நீர் ஓடும் ஒலியும் கேட்கிறது.

கரையேறியதும் காற்றுத்துளையைத் திறந்துவிட்டேன் என்பது எனக்கு உறுதியாக நினைவிருக்கிறது. அப்படியிருக்க ஏன் உப்பியது? ஊசியால் எப்பாக்சியைச் செலுத்தி, மேலே இன்னொரு துணியைப் போர்த்திவிட்டால் போதுமா?

மறுமொழி 1

ஊசியால் செலுத்துவதையும் துணி போர்த்துவதையும் தயவுசெய்து இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உப்பியதன் காரணம் உள்ளேயே இருக்கும்போது மேலே போடும் துணி, அடுத்த வெயிலில் விரிசலை வேறோர் இடத்துக்குத் தள்ளிவிடுமே தவிர வேறெதையும் செய்யாது.

காற்றின் வலிமையை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். 25 பாகை செல்சியசில் அடைபட்ட காற்று 60 பாகைக்குச் சூடேறினால் அதன் அழுத்தம் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடுகிறது. ஒரு சதுர செ.மீ.க்கு 120 கிராம் அளவு. சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் உங்கள் பலகையில் இரண்டு விலாக்களுக்கும் சட்டத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட அறை, 25 செ.மீ.க்கு 20 செ.மீ. என்று கொண்டால், 500 சதுர செ.மீ. பரப்புடையது. அதன்மீது உள்ளிருந்து 60 கிலோ எடை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்கிப் பிடித்திருப்பதோ 4 மி.மீ. அகலமுள்ள பிளைவுட் விளிம்பில் தடவிய பசை மட்டுமே. ஒட்டு பெயர்வதில் வியப்பில்லை.

காற்றுத்துளை திறந்திருந்தது என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆகவே என் ஐயமெல்லாம், அந்த அறையின் காற்று காற்றுத்துளை வரை வந்து சேர வழி இருந்ததா என்பதில்தான். விலாக்களில் காற்று செல்வதற்கு எங்கே, எவ்வளவு பெரிய துளை வைத்தீர்கள்? முதுகுச் சட்டத்தில் துளைகள் உண்டா? விலாக்களை ஒட்ட எந்தப் பசையைப் பயன்படுத்தினீர்கள்?

கேட்டவர்

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. எல்லா விலாக்களிலும் வழி வைத்தேன். விலாவின் நடுவில் துளையிட்டால் அது வலுவிழக்கும் என்று அஞ்சி, மேல் விளிம்பில், அதாவது மேல்தட்டு வந்து அமரும் இடத்தில், இருபுறமும் 6 மி.மீ. அகலத்துக்குச் சிறிய வெட்டுகளை மட்டும் போட்டேன். முதுகுச் சட்டத்தில் பெரிய துளைகள் உண்டு. ஆனால் முன்புறம் இரண்டு துண்டுகளைச் சாய்வாக ஒட்டிச் சட்டத்தை நீட்டியதால், மூக்கிலிருந்து இரண்டாம் விலா வரையுள்ள பகுதியில் துளையே இல்லை. பசை, மரவேலைக்கான வெள்ளைப் பசை. நீரைத் தாங்கும் என்று புட்டியில் எழுதியிருந்தது.

மறுமொழி 2

நான் சிறு படகுகள் கட்டுபவன். மேல் விளிம்பில் போட்ட வெட்டு என்றதுமே விடை பாதி கிடைத்துவிட்டதாக எண்ணுகிறேன். மேல்தட்டை வைத்து அழுத்தும்போது பிதுங்கும் பசைக்குப் போக வேறு இடம் கிடையாது. அது நேராக அந்த 6 மி.மீ. வெட்டுக்குள் இறங்கி அங்கேயே கட்டியாகிவிடும். மேல்தட்டு மூடியபின் உள்ளே என்ன நடந்தது என்று எவராலும் பார்க்க முடியாது. முன்பகுதியில் முதுகுச் சட்டமும் துளையின்றி இருப்பதால், இடப்பக்க முன்னறைகளுக்கு இரண்டாம் விலாவின் அந்த ஒரு வெட்டைத் தவிர வேறு வழி இல்லை. வலப்பக்கம் உப்பாமல் இடப்பக்கம் மட்டும் உப்பியதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இதை ஊகமாக விடாமல் சோதித்துவிடலாம். எப்படியும் திறந்தாக வேண்டிய அந்த உப்பிய அறையின் நடுவில் 3 மி.மீ. துளை ஒன்று இடுங்கள். அதன்மீது சோப்புக் கரைசலை விரலால் தடவினால் மெல்லிய படலம் படியும். காற்றுத்துளையில் ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி வாயால் மென்மையாக ஊதுங்கள். வழி இருந்தால் படலம் கண்ணெதிரே குமிழாக எழும், இல்லையென்றால் அசையாது. ஊதுவதற்கு எக்காரணம் கொண்டும் காற்றழுத்த இயந்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். மேலே நண்பர் காட்டிய கணக்கைப் பார்த்தால், அந்த இயந்திரம் நல்ல நிலையிலுள்ள மற்ற ஒட்டுகளையும் ஒரே நொடியில் பெயர்த்துவிடும் என்பது விளங்கும்.

வெள்ளைப் பசை பற்றியும் ஒரு சொல். நீரைத் தாங்கும் வகையாகவே இருந்தாலும், சூடேறினால் அது இளகி, இடைவிடாத இழுப்புக்குச் சிறிது சிறிதாக நகர்ந்து கொடுக்கும் இயல்புடையது. விலா ஒட்டுகளுக்கு, மரத்தூள் கலந்து கெட்டியாக்கிய எப்பாக்சியே நம்பத்தக்கது.

மறுமொழி 3

எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. பலகையை அறுத்துத் திறப்பது முதன்முறை கட்டியவருக்குப் பெரிய வேலை. அந்த முன்னறைக்கென்று தனியாக இரண்டாவது காற்றுத்துளை ஒன்றை வைத்துவிட்டால் அழுத்தம் தீர்ந்துவிடாதா? நீரைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் சவ்வு பொருத்திய மூடியை வைத்தால், திறக்கவும் மூடவும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

மறுமொழி 2

அழுத்தம் தீரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே முதல் விலாவிலிருந்து பெயர்ந்துவிட்ட மேல்தட்டு பெயர்ந்தபடியே இருக்கும். நெஞ்சை வைத்துப் படுத்துத் துழாவும் ஒவ்வொரு முறையும் அது விலாமேல் மோதி மோதி விரிசலை நீட்டும். மேலும், நீர் புகக்கூடிய இடங்கள் ஒன்றுக்கு இரண்டாகும். சவ்வு மூடி நல்லதுதான், ஆனால் கால் வழுக்காதிருக்கப் பலகைமேல் பூசும் மெழுகும் உப்பும் படிந்து அடைத்துக்கொண்டால் வெளியிலிருந்து தெரியாது. அவ்வப்போது நன்னீரில் கழுவி, ஊதிப் பார்க்க வேண்டும்.

உள்ளே நீர் எப்படி வந்தது என்பதையும் கேட்டவர் அறிந்துகொள்வது நல்லது. விரிசல் வழியாகக் கசிந்தது என்பதைவிட, பலகையே நீரை உறிஞ்சி இழுத்தது என்பதே சரி. 45 பாகைச் சூட்டில் இருக்கும் பலகையின் மூடியை இறுக்கிவிட்டு 25 பாகைக் கடல் நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று 6 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கப் பார்க்கும். உங்கள் பலகையின் அளவுக்கு அது ஏறத்தாழ இரண்டு லிட்டர். அவ்வளவு இடத்தை நிரப்ப எந்த மயிரிழை விரிசல் வழியாகவும் நீர் உள்ளே ஓடும். எனவே பலகையை நிழலில் ஆறவிட்டு, அதன்பிறகே மூடியைத் திருகி, நீரில் இறங்க வேண்டும்.

இது இன்றைய சிக்கல் அன்று. அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் உள்ளீடற்ற பலகைக்கு 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்துப் பலகைகளிலேயே நீரை வடிப்பதற்கென்று திருகு மூடி வைத்திருந்தார்கள். உள்ளே நீர் வரும் என்பதை அன்றே ஏற்றுக்கொண்டு கட்டியிருக்கிறார்கள்.

கேட்டவர்

சோதனையைச் செய்து பார்த்தேன். துளையின்மேல் சோப்புப் படலம் கண்ணாடிபோல் அசையாமல் நின்றது. ஐயத்துக்கு இடமின்றி இருக்கட்டுமென்று, அவ்வறையின் துளைக்குள் குழாயை வைத்து ஊதி, காற்றுத்துளையின் வாயில் படலமிட்டுப் பார்த்தேன், அங்கும் அசைவில்லை. ஊதிய காற்று விளிம்பு விரிசல் வழியாக மட்டும் சீறி வெளியேறியது. திறப்பதென்று முடிவு செய்துவிட்டேன். எப்படித் திறப்பது, எந்த வரிசையில் மூடுவது என்று கூறுங்கள்.

மறுமொழி 1

முதலில் உலர்த்துங்கள். உள்ளே போனது கடல் நீர் என்பதால், காற்றுத்துளை வழியாக நன்னீர் ஊற்றி இருமுறை அலசி வடித்துவிட வேண்டும். உப்பு மரத்தில் தங்கினால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்து நாள்தோறும் எடை போடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் எடை குறையாமல் நின்றால் உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நாள்கணக்கை விட எடையை நம்புங்கள்.

அதன்பின் அறையின் நடுவே, இரண்டாம் விலாவுக்குச் சற்று அருகே, 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுங்கள். அறுத்த வட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். நாரோட்டம் பொருந்த அதுவே மீண்டும் மூடியாகப் போகிறது. அறுப்பதற்கு முன் அதன் குறுக்கே ஒரு பென்சில் கோடு இழுத்துக்கொண்டால், திருப்பி வைக்கையில் திசை மாறாது. கை நுழையாவிட்டாலும் இரண்டு விரலும் வளைந்த அரமும் நுழையும். இரண்டாம் விலாவின் நடு உயரத்தில் 15 மி.மீ. துளை ஒன்றை இடுங்கள். விலாவின் வலிமை அதன் மேல், கீழ் விளிம்புகளில்தான் இருக்கிறது என்பதால் நடுவில் துளையிட அஞ்ச வேண்டியதில்லை. முதல் விலாவிலும் அவ்வாறே செய்தால் மூக்கறையும் இணைந்துவிடும்.

முதல் விலாவின் தலையில் ஒட்டியுள்ள பழைய பசையை உப்புத்தாள் சுற்றிய குச்சியால் தேய்த்து, மரம் தெரியும்வரை எடுத்துவிடுங்கள். பிறகு விலாவின் மேல் விளிம்போரம் 10 மி.மீ. சதுரக் குச்சியைப் பக்கத்துக்கொன்றாக ஒட்டினால், ஒட்டும் அகலம் 4 மி.மீ.இலிருந்து 24 மி.மீ.ஆகப் பெருகும். இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் செலவிடுங்கள். கெட்டி எப்பாக்சியை வளைந்த குச்சியால் தடவி, மேல்தட்டின்மேல் மணல் மூட்டையை வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். மணல் மூட்டை வளைவுக்கு ஏற்ப அமர்ந்து சமமாக அழுத்தும். பற்றிரும்பு (கிளாம்ப்) ஒரே இடத்தில் அழுத்தி, பசையெல்லாம் பிதுங்கி வெளியேறிவிடச் செய்யும்.

மூடும்போது, பிளைவுட்டில் அறுத்த வளையத்தை இரண்டு துண்டாக்கி உள்ளே நுழைத்து, துளையின் அடிவிளிம்பில் பாதி அகலம் நீட்டிக்கொண்டிருக்குமாறு ஒட்டி, அதன்மேல் வட்டத்தை அமர்த்துங்கள். சுற்றிலும் 8 செ.மீ. அளவுக்குப் பழைய துணியைச் சரிவாகத் தேய்த்துவிட்டுப் புதுத் துணியைப் போர்த்துங்கள். எப்பாக்சி பூசுவதை வெப்பம் இறங்கும் மாலை நேரத்தில், காற்றுத்துளையைத் திறந்து வைத்தே செய்யுங்கள். காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத எப்பாக்சியில் ஊசிமுனைக் குமிழ்களாக வெளிவரும். மாலையில் காற்று சுருங்குவதால் எப்பாக்சி மரத்துக்குள் இழுபடும்.

கேட்டவர்

எடை நிலைபெற ஒன்பது நாள் ஆயிற்று. மொத்தம் 310 கிராம் குறைந்தது. நேற்று வட்டத்தை அறுத்தெடுத்து, சிறு கண்ணாடியையும் விளக்கையும் உள்ளே செலுத்திப் பார்த்தேன். இரண்டாம் விலாவின் இடப்பக்க வெட்டு இருந்த இடமே தெரியவில்லை. மஞ்சளித்த பசை அதில் மெழுகுத்துளிபோல் திரண்டு, மேல்தட்டோடு சேர்ந்து கெட்டியாகியிருந்தது. வலப்பக்க வெட்டு எப்படியோ தப்பியிருக்க வேண்டும். ஆனால் அதையும் நான் நம்பப்போவதில்லை என்பதால், முதுகுச் சட்டத்தின் முன்பகுதியில், சாய்வாக ஒட்டிய இடத்தைத் தொடாமல், 15 மி.மீ. துளை ஒன்றை இட்டுவிட்டேன். விலாத் துளைகளும் ஆயின. காற்றுத்துளையில் ஊதியபோது, அறுத்த வட்டத்தருகே வைத்திருந்த என் மணிக்கட்டில் காற்று மெல்லப் பட்டது.

முதல் விலாவின் இருபுறமும் குச்சிகள் ஒட்டி, மணல் மூட்டை ஏற்றியிருக்கிறேன். நாளை மாலை வளையமும் வட்டமும். துணி போர்த்துவதற்கு முன், விளிம்பு விரிசலை அப்படியே நிரப்பலாமா, அல்லது கீறி அகலப்படுத்த வேண்டுமா?

மறுமொழி 2

கத்தி நுனியால் இரண்டு மி.மீ. அகலத்துக்கு ஆப்பு வடிவில், மேலே அகன்று கீழே குறுகும்படி, கீறிக்கொள்ளுங்கள். முதலில் எதுவும் கலக்காத எப்பாக்சியைத் தூரிகையால் பூசி மரம் குடிக்கும்வரை விட்டுவிட்டு, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மரத்தூள் கலந்ததை அழுத்தி நிரப்புங்கள். விரிசல் முடியும் இருமுனைகளையும் தாண்டி 5 செ.மீ. வரை கீறுங்கள், கண்ணுக்குத் தெரிவதைவிட அது சற்றுத் தள்ளியே முடிந்திருக்கும்.