ஆங்கிலம், ஜப்பானியம், சீனம்: கடன்போன மரபுத்தொடர்கள் குறித்து உதவி தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலம், ஜப்பானியம், சீனம் ஆகிய மூன்று மொழிகளுக்கிடையே கைமாறிய மரபுத்தொடர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன்.

ஜப்பானியரின் ‘இஸ்ஸெகி நிச்சோ’ (ஒரு கல், இரு பறவை) நான்கே சீன எழுத்துகளில் அமைந்து, பழஞ்சீன நூலொன்றிலிருந்து வந்ததைப் போலவே தோற்றமளித்தாலும், அது உண்மையில் ஓர் ஆங்கிலப் பழமொழியின் மொழிபெயர்ப்பே. அதே வடிவம் இன்று சீனத்திலும் வழங்குகிறது. இத்தனைக்கும், இறைச்சிக்காகச் சண்டையிட்ட இரு கழுகுகளை ஒரே அம்பால் வீழ்த்திய பழஞ்சீன வில்வீரர் சாங்சுன் ஷெங்கின் கதையிலிருந்து பிறந்த ‘ஓர் அம்பு, இரு கழுகு’ என்ற சொந்தத் தொடர் சீனரிடம் முன்பே இருந்தது. என் ரசனைக்கு அதுவே அழகானது. ‘கண்ணிலிருந்து செதில் விழுந்தது’ (திடீரென உண்மை புரிந்தது) என்னும் ஜப்பானியத் தொடர் விவிலியத்திலிருந்து, திருத்தூதர் பவுல் பார்வை பெற்ற நிகழ்ச்சியிலிருந்து, வந்தது. எதிர்த்திசையில், ‘முகத்தை இழத்தல்’ (மதிப்பிழத்தல்), ‘காகிதப் புலி’ (வலிமையானதாகத் தோன்றினாலும் உண்மையில் வலுவற்றது) ஆகியவை சீனத்திலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றன. 1946இல் மாவோ ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் கூறிய பிறகே காகிதப் புலி உலகெங்கும் பரவியது.

ஜப்பானியமோ சீனமோ படிக்கத் தெரிந்தவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: ‘ஒரு கல், இரு பறவை’ இடம்பெறும் பழைய அகராதிப் பதிவுகளோ இதழ்ப் பக்கங்களோ உங்களிடம் இருந்தால், ஆண்டு விவரத்துடன் அவற்றின் படத்தைப் பகிருங்கள். சீனப் பதிவுகள் 1950க்கு முந்தையவையாக இருந்தால் மிகவும் பயன்படும்.