வேலூரில் ரோடு தோண்டும்போது சைக்கிளில் எப்படிப் போகிறீர்கள்? அனுபவம் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி ஃபேஸ் 2

நம்ம ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோவில். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறும் இரு கரை தொட்டு ஓடிவிட்டது. பட்டியலில் காலியான இடத்தில் 'ரோடில்லாத தெரு' என்று சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

எனக்கு வேலை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். வழக்கமான வழி ஆற்காடு ரோடு, காகிதப்பட்டறை, சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்று நேராகப் போகும். பாதாள சாக்கடைக்குத் தோண்டினால் 'மாற்றுப் பாதை' என்று அம்புக்குறி போட்டு ஹைவே சர்வீஸ் ரோட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் போர்டு பஸ்ஸுக்கும் லாரிக்கும் எழுதியது. அதை நம்பி சைக்கிளில் போனால் டிப்பர் கொட்டிவிட்டுப் போன எம்-சாண்ட், எதிர்த்திசையில் வரும் பைக், கடைசியில் கிரீன் சர்க்கிளில் புது பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் பஸ் என்று மூன்றையும் தாண்ட வேண்டும். நான் அந்தப் பக்கமே போவதில்லை. எங்கள் ஃபேஸ் குடியிருப்புத் தெருக்களுக்குள் புகுந்து வளைந்து வளைந்து போய்விடுவேன். நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

வழி கண்டுபிடிக்க மேப்பை விட பால்காரரும் தண்ணி கேன் போடும் தம்பியும் மேல். நேற்று ராத்திரி எந்தத் தெருவில் ஜேசிபி இறங்கியது என்று அவர்களுக்குக் காலை ஆறு மணிக்கே தெரியும். மேப்பில் அந்தத் தெரு மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும்.

தோண்டிய பள்ளம்கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். மண் போட்டு மூடிய பள்ளம்தான் ஆபத்து. மண்ணைச் சரியாக இடித்து இறுக்காமல் மூடியிருந்தால் முதல் மழைக்கு அப்படியே உள்வாங்கும். மேலே தண்ணீர் நின்றால் ஆழமும் தெரியாது. மழைக்கு மறுநாள் அந்தத் தெருவை விட்டுவிடுங்கள்.

சிமெண்ட் ரோடு போட்டு ஈரச் சாக்கு விரித்திருந்தால் ஓரமாகக்கூட ஏறாதீர்கள். சைக்கிள் லேசானதுதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் விரல் அகலச் சக்கரத்தில் இறங்குகிறது. கலவை இறுகும் முன் விழுந்த தடம், ரோடு இருக்கும்வரை இருக்கும்.

மெயின் பஜார் வாசி

சிமெண்ட் ரோடு என்றதும் 2022 ஜூன் ஞாபகம் வந்துவிட்டது. காளிகாம்பாள் கோவில் தெருவில் ராத்திரி நிறுத்தியிருந்த பைக்கோடு சேர்த்துக் கலவை கொட்டிவிட்டார்கள். காலையில் பார்த்தால் சக்கரம் ரோட்டுக்குள்! அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. அப்போதிலிருந்து எங்கள் தெருவில் வேலை நடந்தால் சைக்கிள் வீட்டு நடைக்குள் வந்துவிடும்.

லாங் பஜார், மண்டித் தெரு பக்கம் மாற்று வழி தேடுவதே வீண். சந்துக்குச் சந்து லோடு ஆட்டோ நிற்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தடுப்புக்குப் பக்கத்தில் ஆள் நடக்க விட்ட இடுக்கில் பைக் நுழையாது, சைக்கிள் நுழையும். நமக்கு இருக்கிற ஒரே சலுகை அதுதான்.

காட்பாடி வடக்கு

2022-ல் எங்கள் ரயில்வே மேம்பாலத்தை மூடி இணைப்புகளைச் சரி செய்தார்களே, அதைச் சொல்கிறேன். நான் பாலத்துக்கு வடக்கே, ஆபீஸ் தெற்கே. சுற்றுப் பாதை காரில் போகிறவருக்குச் சும்மா எரிச்சல். ஜூன் வெயிலில் மிதிக்கிறவனுக்கு அரை நாள் சக்தி போய்விடும். காந்தி நகரில் சித்தப்பா வீட்டில் பழைய ஹெர்குலஸ் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்துத் தெற்குப் பக்கத்துக்கு வைத்துக்கொண்டேன். வடக்கே என் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் கடப்பது, அந்தப் பக்கம் சித்தப்பாவின் சைக்கிள். சித்திதான் தினமும் காபி குடிக்காமல் விடமாட்டார்கள், அதனால் ஆபீஸுக்கு லேட்.

இன்னொன்று. பாலத்துத் தளத்தின் துண்டுகளுக்கு நடுவே இருக்கிற இணைப்பு இடைவெளி ரோட்டுக்குக் குறுக்கே போகும், அதை நேராகத் தாண்டினால் ஒன்றும் ஆகாது. லாரிக்கு வழி விடுகிறேன் என்று சாய்வாக ஏறினால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். பாலாற்றுப் பாலத்துக்கும் இதேதான்.

வேலப்பாடி அக்கா

எல்லாரும் உங்கள் வசதிக்கு எழுதுகிறீர்கள். என் பொண்ணு பதினொன்றாம் வகுப்பு, பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில்தான் போகிறாள். ஆரணி ரோட்டில் வேலை நடந்தபோது அவள் அப்பா ஒரு குறுக்கு வழி சொன்னார். காலையில் அருமையான வழி. மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும்போது தெரு விளக்கு இல்லை, முனையில் மதுக்கடை. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுற்றாக இருந்தாலும் கடைகள் திறந்திருக்கிற தெரு வழியாக, தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து வருகிறார்கள். காலைக்கு ஒரு வழி, மாலைக்கு ஒரு வழி என்று வைத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்? ஆம்பளைகளுக்கு இது ஏன் தோன்றுவதில்லை என்று தெரியவில்லை.

கொசப்பேட்டை சைக்கிள் கடை

அக்கா சொன்னது சரி.

ரோடு தோண்டினால் எனக்கு வியாபாரம், இருந்தாலும் சொல்கிறேன். ஜல்லியில் வருகிற பஞ்சர் பாதி, ஆணி குத்தியது இல்லை. காற்று குறைவாக இருக்க, கல்லில் மோதி ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கியது. டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அதுதான். மெல்லிய டயர்காரர்கள் காற்றை இறக்கவே இறக்காதீர்கள். அகல டயர் கியர் சைக்கிள் என்றால் கொஞ்சம் இறக்கலாம், பிடிப்பு கிடைக்கும்.

பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதுசு போடாமல் விடுவார்கள் பாருங்கள், நீளவாக்கில் கோடு கோடாக. அதில் ஹேண்டில் தானாக ஆடும். இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டாமல் வேகத்தைக் குறைத்து விட்டுப் பிடியுங்கள். சுரண்டிய ரோட்டில் பாதாள சாக்கடை சேம்பர் மூடி மட்டும் உயரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். போன மழைக்காலத்தில் அதில் இடித்து வளைந்த ரிம் என் கடையில் வரிசையாகத் தொங்கியது.

தொரப்பாடி

சர்வீஸ் ரோட்டை முதல் அண்ணா ரொம்பவே திட்டுகிறார். விடியற்காலையில் போய்ப் பாருங்கள், காலியாக இருக்கும்.

சத்துவாச்சாரி ஃபேஸ் 2

விடியற்காலையில் ஆற்காடு ரோடும் காலிதான் தம்பி, என் ஆபீஸ்தான் திறந்திருக்காது. வெயில் பற்றி எழுத மறந்தேன். மே மாதத்தில் நாற்பது டிகிரி தாண்டும் ஊரில் தூரத்தைவிட நிழலைப் பார்த்து வழி எடுப்பதுதான் புத்தி. மதியம் வெளியே போக வேண்டி வந்தால் மலையடிவாரத் தெருக்களைத் தவிர்த்துவிடுவேன், பாறைச் சூடு முகத்தில் அடிக்கும். மரம் உள்ள தெரு ஒரு கிலோமீட்டர் கூடுதலானாலும் அதுதான் என் வழி.

அக்கா சொன்ன காலை வழி, மாலை வழி கணக்கை நானும் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம், பாகாயம் பக்கம் இப்போது எந்தெந்தத் தெரு தோண்டிக் கிடக்கிறது என்று அங்கே இருப்பவர்கள் எழுதுங்கள். திங்கட்கிழமை அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.