ஃபோர்க் ‘ஹார்டா இருக்கு’: ஸ்டிக்‌ஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வாகனச் சொற்பட்டியலில் பிரேக்கும் கிளட்சும் முடிந்து முன்ஃபோர்க்குக்கு (பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கி, மேட்டில் அமுங்கி எழும் இரட்டைக் கால்கள்) வந்திருக்கிறோம். அதில் ஸ்டிக்‌ஷன் என்ற ஒரு சொல் மட்டும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. காரணத்தைச் சொல்ல என் வண்டிக் கதையைக் கொஞ்சம் இழுக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடம் ஓடிய 150 சிசி வண்டி. நால்வழிச் சாலையில் வேகத்தைக் குறைப்பதற்கென்று வெள்ளைக் கோடுகளை ஆறேழு வரிசையாகப் போட்டிருப்பார்களே, அதில் ஏறினால் முதல் கோடு மணிக்கட்டில் அடிக்கும், நாலாவது தோளில், கடைசிக் கோடு பல்லில். பட்டறையில் போய் “முன்னாடி ரொம்ப ஹார்டா இருக்கு” என்றேன். “ஆயில் செத்துப்போச்சு சார்” என்று பழையதை இறக்கிவிட்டு, கையில் இருந்த 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலை ஊற்றினார்கள். வண்டிக் கையேடு கேட்பது 10டபிள்யூ ஃபோர்க் ஆயில். மறுநாள் அதே கோடுகளில் முன்னைவிட மோசமாக அடி வாங்கினேன். காசு கொடுத்து வாங்கிய அடி.

தப்பு ஆயிலில் மட்டும் இல்லை, ‘ஹார்ட்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லிலும் இருக்கிறது. ஸ்பிரிங்கே விறைப்பாக இருந்தாலும் ஹார்டுதான். ஸ்பிரிங்கின் தலையில் வாஷர் அடுக்கி முன்கூட்டியே இறுக்கி வைத்திருந்தாலும் ஹார்டுதான். (போன மாதம் இந்த ப்ரீலோடுக்கு ‘முன்சுமை’ என்று முடிவு செய்தோம். எனக்கு இன்றும் மனசு ஒப்பவில்லை. அங்கே சுமையே கிடையாது, இறுக்கம்தான் இருக்கிறது. ‘முன்னிறுக்கம்’ என்று மாற்றினால் நல்லது. வாஷர் அடுக்கினால் ஸ்பிரிங் விறைத்துவிடாது, வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான் என்பதும் அப்போது விளங்கும்.) மூன்றாவது தணிப்பு, அதாவது டாம்பிங். வங்கிக் கதவின் தலையில் ஒரு டோர் குளோசர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கதவை மெதுவாகச் சாத்தினால் வழிவிடும், வேகமாக அறைந்து சாத்தப் பார்த்தால் தடுத்து நிற்கும். உள்ளே எண்ணெய் சின்னத் துளை வழியாகப் போக வேண்டும். நம் ஊர் சாதாரண வண்டிகளின் ஃபோர்க்கும் பெரும்பாலும் இந்தச் சங்கதிதான். துளை மாறாது. எண்ணெயின் வேகம் இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதனால்தான் பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்திக் கவிழும் அதே ஃபோர்க், கூர்மையான மேட்டில் இரும்புக் கம்பியாகிவிடுகிறது. கெட்டி எண்ணெய் ஊற்றினால் கவிழ்வது கொஞ்சம் குறையும், மேட்டின் அடி கூடும். அமுங்கிய ஃபோர்க் அடுத்த கோட்டுக்குள் மேலே வந்து சேராததால் கோட்டுக்குக் கோடு இன்னும் கீழே போய்விடும். என் பல்லுக்கு நேர்ந்தது அதுதான்.

நான்காவது ஸ்டிக்‌ஷன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பாட்டி வீட்டு மர அஞ்சறைப்பெட்டியின் இழுப்பு மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இழுத்தால் வராது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் படக்கென்று வந்து மிளகாய் எல்லாம் தரையில். ஃபோர்க்கும் சின்ன மேட்டுக்கு அசையாமல் அடியை அப்படியே கைக்கு அனுப்பிவிட்டு, பெரிய மேட்டுக்குத்தான் திடுமென்று நகர்கிறது. இதை அளக்க ஆகும் செலவு ஒரு கேபிள் டை. ஃபோர்க் பைப்பில் அதைக் கட்டிவிட்டு வண்டிமேல் ஏறி உட்கார வேண்டும். கூட ஒருவர் வண்டியின் முன்பக்கத்தை அமுக்கி மெல்ல மேலே விட்டு, அது நிற்கும் இடத்தை அளக்கிறார். பிறகு தூக்கி மெல்லக் கீழே விட்டு மறுபடி அளக்கிறார். இரண்டும் ஒரே இடத்தில் நிற்காது. நடுவில் உள்ள இடைவெளிதான் ஸ்டிக்‌ஷனின் அளவு. என் வண்டிக்கு 22 மி.மீ. வந்தது. ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்த ஓட்டமே 120 மி.மீ. சொச்சம்.

‘ஒட்டுராய்வு’ என்று வைக்கலாமா? ஒட்டிக்கொண்டிருக்கும்போது வரும் உராய்வு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

— திண்டுக்கல்

மடல் 2

தம்பிக்கு,

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் ‘ஓய்வுநிலை உராய்வு’ என்று அழகாக இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு? இருப்பதைப் பயன்படுத்தாமல் புதிது புதிதாக அச்சடித்தால் பட்டியல் தடிக்குமே ஒழிய மொழி வளராது.

எண்ணெய் பற்றி ஒரு திருத்தம். ‘கெட்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாகுநிலை (விஸ்காசிட்டி) என்றே எழுதலாம். எஞ்சின் ஆயில் டப்பாவில் உள்ள ‘டபிள்யூ’ எண்ணையும் ஃபோர்க் ஆயில் டப்பாவில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு ஏமாறக்கூடாது. ஃபோர்க் ஆயிலில் ஒரு நிறுவனத்தின் 10 இன்னொரு நிறுவனத்தின் 10 ஆக இருப்பதில்லை. 40 டிகிரி செல்சியசில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையின் அலகு) என்று டப்பாவிலோ தகவல் தாளிலோ பார்க்க வேண்டும். 10 என்று விற்கப்படுபவை பொதுவாக 32-ஐ ஒட்டி வரும். உங்கள் பட்டறைக்காரர் ஊற்றியது 100-ஐத் தாண்டியிருக்கும். பல் ஆடியதில் வியப்பில்லை.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

மடல் 3

எல்லோருக்கும் வணக்கம்.

தஞ்சாவூர் ஐயா பாகுநிலை என்கிறார். நாங்கள் இலங்கையில் பிசுக்குமை என்று படித்தோம். கையில் எண்ணெய் பட்டால் பிசுபிசுக்கிறது, ஆகவே பிசுக்குமை. பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கோ, சண்டை வேண்டாம்.

எனக்கு ஒரு மனக்குறை. சஸ்பென்ஷனுக்குத் ‘தொங்கல் அமைப்பு’ என்றும் ஷாக் அப்சார்பருக்கு ‘அதிர்ச்சி உறிஞ்சி’ என்றும் போட்டிருக்கிறீர்கள். அதிர்ச்சியை உறிஞ்சுவது என்றால் எனக்குச் சாவுவீட்டு ஆறுதல்தான் நினைவுக்கு வருகுது. மாட்டுவண்டிக் காலத்திலேயே பட்டை வில் வைத்த வண்டியை ‘வில்வண்டி’ என்று சொன்ன மொழி இது. வில்லை விட்டுவிட்டு ஏன் தொங்க வேண்டும்?

ஒட்டுராய்வு பற்றி: ‘ஒட்டு’ என்றவுடன் பசை ஞாபகம் வருகுது. சீல் (எண்ணெய் கசியாமல் காக்கிற ரப்பர் வளையம்) காய்ந்தால் ஒட்டும், சரி. ஆனால் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் இழுபடுவதுதான் பல வண்டிகளில் கேடு. அங்கே ஒட்டல் ஒன்றும் இல்லை, நெரிபடல்தான் இருக்கிறது. சந்தேகம் என்றால் அலுமாரிக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு ஃபோர்க் பைப்புகள் மேலும் படுகிற மாதிரி வைத்துப் பாருங்கோ. நாலு முனையும் படியாமல் ஆடினால் பைப்புகள் முறுகி நிற்கின்றன என்று அர்த்தம்.

— யாழ்ப்பாணம்

மடல் 4

ஐயாவுக்கும் யாழ்ப்பாண நண்பருக்கும் நன்றி.

ஐயா, ஓய்வுநிலை உராய்வு எனக்கும் தெரியும். தரையில் கிடக்கும் செங்கல்லுக்கும் அதுதான் பெயர். பட்டறையில் நின்று “அண்ணே, ஓய்வுநிலை உராய்வு ஜாஸ்தியா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள், நமக்கே ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தத்துவத்துக்குப் பெயர் இருக்கிறது. அந்தக் கோளாறுக்குத்தான் பெயர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு பட்டறைக்குப் போனேன். புளியமரத்தடி, ஒரே ஆள், வயது அறுபது இருக்கும். எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டுக் கையேடு சொன்ன ஆயிலைச் சொன்ன அளவு ஊற்றச் சொன்னேன். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிய பிறகுதான் மேல் மூடியைத் தொட்டார். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும், அவசரப்பட்டால் மூடி முகத்துக்கு வரும். இரண்டு காலையும் முழுக்க அமுக்கி, ஸ்பிரிங் இல்லாமல், பைப்பின் வாயிலிருந்து எண்ணெய் மட்டம் வரை ஸ்கேல் விட்டு அளந்து சமமாக்கினார். மட்டம் ஏற ஏற மேலே உள்ள காற்றுக்கு இடம் குறைந்து அதுவே இன்னொரு வில்லாகிவிடும் என்பதால் ஒரு சொட்டும் கூட்டவில்லை.

எல்லாம் பூட்டி அளந்தால் 20 மி.மீ. ஆயில் மாற்றியதற்குக் கிடைத்தது இரண்டே இரண்டு மில்லிமீட்டர்.

கண்ணாடி வைத்தோம், ஆடவில்லை. அப்புறம் அவர் சும்மா முன்மட்கார்டின் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தினார். டக்கென்று ஒரு சத்தம். வலப்பக்கம் மட்கார்டு தகடு பாட்டத்தை (ஃபோர்க் காலின் கீழ்க்குழாயை) விட்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நின்றது. முன்பு டயர் மாற்றியபோது யாரோ எட்டாத தகட்டைப் போல்ட்டாலேயே இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு கால்களும் உள்நோக்கி வளைந்து, பைப்புகள் உள்ளே உரசிக்கொண்டே ஓடியிருக்கின்றன. அந்த இடைவெளியில் இரண்டு வாஷர் வைத்தார். அச்சு நட்டையும் தளர்த்திவிட்டு, முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை ஏழெட்டு முறை அமுக்கினார். கால்கள் தம் இடத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டுமாம். அப்புறம்தான் அச்சு, அப்புறம் மட்கார்டு என்று வரிசையாக முறுக்கினார். மறுபடி அளந்தோம்: 8 மி.மீ.

வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: “ஆயில் என்ன சார் பண்ணும், மட்கார்டுல்ல கவ்விக்கிட்டு இருந்திருக்கு.”

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சீல் காய்ந்தாலும் கவ்வும், பைப் வளைந்தாலும் கவ்வும், அச்சு கோணினாலும் கவ்வும். விட்டால் படக்கென்று விடும். ஒட்டுராய்வைத் திரும்பப் பெறுகிறேன். ‘கவ்வல்’ என்று வைப்போம்.

வெள்ளைக் கோடுகள் இன்னும் தெரியத்தான் செய்கின்றன, ஆனால் மணிக்கட்டோடு நின்றுவிடுகின்றன. காற்றழுத்தத்தையும் பார்த்தேன். கையேடு சொல்வதைவிட முன்டயரில் 8 பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தது. அதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், வெட்கமாக இருக்கிறது.

— திண்டுக்கல்

மடல் 5

தம்பி,

உராய்வு என்ற கருத்தே சொல்லில் இல்லையே என்பது என் ஆட்சேபணை. ‘கவ்வுராய்வு’ என்றால் இரண்டும் வந்துவிடும். புணர்ச்சிக்கும் தடையில்லை: கதவு, அடைத்தான் சேர்ந்து கதவடைத்தான் ஆகிறதே. ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த பேத்தி சிரித்துவிட்டாள். ஆகையால் கவ்வலுக்கே என் வாக்கு. முன்னிறுக்கத்துக்கும் ஒரு வாக்கு. தொங்கலைப் பற்றி யாழ்ப்பாண நண்பர் சொன்னதைத் தனி மடலாகத் தொடங்குங்கள், அது நீளும்.

பட்டியலுக்கான வரைவு:

கவ்வல் (பெ.): வழுக்கி நகர வேண்டிய இரு பாகங்கள் சிறு விசைக்கு அசையாமல் பிடித்து நின்று, விசை கூடியதும் திடீரென விடுபடும் கோளாறு. “ஃபோர்க்கில் 22 மி.மீ. கவ்வல் இருந்தது, மட்கார்டைச் சரிசெய்ததும் 8 ஆகக் குறைந்தது.” வினை: கவ்வு.

— தஞ்சாவூர்