ராத்திரி பல்வலிக்கு ஊசி போட்டு அனுப்பினால் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததா?

அக்கரைச்சீமை:
எங்க மாமா, அம்மாவோட தம்பி. வயசு அம்பதுக்கு மேல, சர்க்கரை உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லு வலி தாங்காம, கன்னமும் வீங்கி, நடுராத்திரியில பக்கத்து அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போனார். இடுப்புல ஒரு ஊசி, அஞ்சு நாளைக்கு மாத்திரை. சீட்டுக்கு அடியில "பல் மருத்துவரை அணுகவும்". ரெண்டு நாள்ல வலி போச்சு, வீக்கமும் வடிஞ்சுது. மனுஷன் போகல.

அடுத்த மாசம் தாடைக்கு அடியில கல்லாட்டம் வீக்கம். வாய் திறக்கல, எச்சில் முழுங்க முடியல, மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். கழுத்துல கீறி சீழ் எடுத்து ஐசியூல வெச்சாங்க. பிழைச்சுட்டார். அந்த ஒரு வரியை எழுதினதோட முதல் ஆஸ்பத்திரியோட பொறுப்பு தீர்ந்துச்சா? தீரலன்னு நான் சொல்றேன்.

ராத்திரி டூட்டி:
கேஷுவாலிட்டியில வேலை பாக்கறவன் நான். ஒரு ராத்திரி வந்து பக்கத்துல நில்லுங்க சார். ஒரு பக்கம் நெஞ்சுவலி, ஒரு பக்கம் பூச்சிமருந்து குடிச்சவர், வாசல்ல 108 வண்டி. நடுவுலதான் பல்வலியும் வருது. எங்ககிட்ட பல் பிடுங்குற நாற்காலியும் கிடையாது, அந்த நேரத்துல பல் டாக்டரும் கிடையாது. மூச்சு சரியா இருக்கா, நாக்கு மேல தூக்கியிருக்கா, வாய் எத்தனை விரல் திறக்குது, காய்ச்சல் இருக்கா, சர்க்கரை எவ்வளவு, இதைத்தான் நான் பாக்கணும். இதெல்லாம் சரியா இருந்தா வலிக்கு மருந்து, காலையில பல் ஓபி. எழுதியும் கொடுத்தாச்சு, வாயாலயும் சொல்லியாச்சு. அப்புறம் வீட்டுக்கு வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணுமா?

கணக்குப்பிள்ளை:
டாக்டர் சொல்றதுதான் சரி. வலிக்கும்போது சாமி, நின்னதும் ஆசாமி. சர்க்கரைக்காரர், அதுவும் அம்பது வயசுக்காரர், அவருக்குத் தெரியாதா? எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரியைத் திட்டறது இப்ப பழக்கமாயிடுச்சு.

பல்லவி (பல் டாக்டர்):
தெரியாதுங்க. சிக்கலே அங்கதான் இருக்கு. வலி நின்னா சரியாயிடுச்சுன்னுதான் யாரும் நினைப்பாங்க. பல்லுக்குள்ள இருக்கற நரம்பு செத்தாலும் வலி நிக்கும், கிருமி வேர் நுனி வழியா எலும்புக்குள்ள போயிட்டே இருக்கும். செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் இல்லாததால மாத்திரை அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. சுத்தி இருக்கற வீக்கத்தை அடக்கும், மூலத்தைத் தொடாது. ஒண்ணு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) பண்ணணும், இல்ல பல்லை எடுக்கணும், மூணாவது வழி கிடையாது. கீழ்க் கடைசிக் கடைவாய்ப் பற்களோட வேர் நாக்குக்கு அடியில இருக்கற தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். சீழ் அங்கே இறங்கினா ரெண்டு பக்கமும் பரவி நாக்கைத் தூக்கி மூச்சுக்குழாயை அடைக்கும். மாமாவுக்கு நடந்தது அதுவாத்தான் இருக்கணும்.

டாக்டர் சார்கிட்டயும் ஒரு கேள்வி. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லைன்னு அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019லயே வழிகாட்டுதல் கொடுத்துருக்கு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இல்லாதவங்களுக்கு இபுப்ரூஃபனும் பாராசிட்டமாலும் போதும். நம்ம ஊர்ல பல்வலின்னு வந்தாலே அமாக்ஸிசிலினும் மெட்ரோநிடசோலும் கையில விழுதே, ஏன்?

ராத்திரி டூட்டி:
அந்த நோயாளி காலையில உங்ககிட்ட வரமாட்டார்னு எனக்குத் தெரியும், அதான் கொடுக்கறேன். வந்தாலும் உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க? "வீக்கம் வடியட்டும், அஞ்சு நாள் கழிச்சு வாங்க." அஞ்சு நாள் கழிச்சு வலி இருக்காது, ஆளும் வரமாட்டார்.

பல்லவி (பல் டாக்டர்):
அது எங்க பக்கத்துத் தப்பு, ஒத்துக்கறேன். வீங்கின இடத்துல மரத்துப்போற ஊசி சரியா வேலை செய்யாதுங்கறது உண்மை. அதுக்காக ஒண்ணுமே செய்யாம அனுப்பணும்னு இல்ல. பல்லைத் திறந்துவிட்டோ ஈறைக் கீறியோ சீழை வெளியேத்தலாம், பல சமயம் அன்னைக்கே பல்லையும் எடுக்கலாம்.

தறிவீடு:
படிச்சவங்க நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் பணக்கதை சொல்றேன். பல் ஓபி காலையில. போனா அன்னைக்குக் கூலி போச்சு. அரசு ஆஸ்பத்திரியில பெரும்பாலும் பல்லை எடுக்கறதுதான். காப்பாத்தணும்னா தனியார்ல வேர் சிகிச்சை, ஆயிரக்கணக்குல, கேப் தனி, நாலு தடவை வரச் சொல்வாங்க. மருத்துவக் காப்பீடு எடுத்துருந்தாலும் விபத்துல அடிபட்ட பல்லுக்குத்தான் வழக்கமா பணம், சொத்தைக்குக் கிடையாது. போதாக்குறைக்கு மேல்பல்லை எடுத்தா கண்ணு போயிடும்னு வீட்டுப் பெரியவங்க.

பல்லவி (பல் டாக்டர்):
கண் போகாது. பல் நரம்புக்கும் பார்வை நரம்புக்கும் சம்பந்தமே இல்ல.

கணக்குப்பிள்ளை:
சாக்கு சொல்லணும்னா ஆயிரம் இருக்கு. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துப் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, 1953லேருந்து நடக்குது. புதுக்கோட்டையில 2023ல ஒண்ணு திறந்தாங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்லயும் பல் பிரிவு இருக்கு. தேடினா கிடைக்கும்.

அக்கரைச்சீமை:
அதைத்தான் அண்ணே கேக்கறேன், நடுராத்திரி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவன் எதைத் தேடுவான்? "பல் மருத்துவரை அணுகவும்"னு இருந்துச்சு. எங்கே, எந்த அறை, எத்தனை மணி? அதே ஆஸ்பத்திரியில பல் பிரிவு இருந்துச்சுன்னே எங்களுக்குப் பின்னாடிதான் தெரியும்.

மீனா_அம்மா:
குறுக்கே வரேன், கோவிச்சுக்காதீங்க. பையனுக்கு 9 வயசு. நேத்து சைக்கிள்ல விழுந்து உதடு கிழிஞ்சுது, மேல் முன்பல் ஆடுது. கேஷுவாலிட்டியில தையல் போட்டாங்க, பிரிக்கிறதுக்குத் தேதியும் எழுதினாங்க. பல்லைப் பத்தி யாரும் பேசல. தையல் பிரிக்கும்போது காட்டினா போதுமா?

பல்லவி (பல் டாக்டர்):
போதாதும்மா, இன்னைக்கே காட்டுங்க. அது நிலைப்பல். எக்ஸ்ரே எடுத்துப் பாத்து, தேவைன்னா பக்கத்துப் பல்லோட சேர்த்துக் கட்டுவாங்க. அப்புறம் பல மாசம் இடைவெளி விட்டு விட்டுப் பாக்கணும், ஏன்னா அடிபட்ட பல்லோட நரம்பு செத்தா மெதுவாத்தான் சாகும். டாக்டர்கிட்ட காட்டற வரைக்கும் கடிச்சுத் திங்கற எதையும் கொடுக்காதீங்க.

மத்தவங்களுக்கும் சொல்றேன். நிலைப்பல் முழுசா விழுந்துட்டா வேரைத் தேய்க்காம, பால்ல போட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வாங்க, திரும்பப் பொருத்திப் பாக்கலாம். பால் பல்லுன்னா பொருத்தறதில்ல.

அக்கரைச்சீமை:
டாக்டர் சார், இதைக் கவனிச்சீங்களா? தையலுக்குத் தேதி இருக்கு. நாய்க்கடி ஊசிக்கு 0, 3, 7, 28ஆம் நாள்னு நீங்களே சீட்டுல எழுதித் தரீங்க, ஜனங்களும் சீட்டைப் பாத்துத்தான் வராங்க. பல்லுக்கு மட்டும்தான் வெறும் "அணுகவும்".

ராத்திரி டூட்டி:
நாய்க்கடி ஊசி என் கையில இருக்கு, தேதி போடறேன். பல் ஓபிக்கு நான் எப்படித் தேதி போட முடியும்? அது வேற பிரிவு. நான் எழுதின நாள்ல அங்க டாக்டர் லீவுன்னா திட்டு எனக்குத்தான் வரும்.

தறிவீடு:
தேதி வேணாம் சார். பல் பிரிவு எந்தக் கட்டடம், காலையில எத்தனை மணி வரைக்கும், "வலி நின்னாலும் வரணும்", இந்த மூணை ஒரு ரப்பர் ஸ்டாம்பா அடிங்க. சர்க்கரைக்காரங்க சீட்டுல ரெண்டு தடவை அடிங்க.

ராத்திரி டூட்டி:
ஸ்டாம்ப் நூறு ரூபாய்க்குள்ள ஆயிடும், என் காசுலயே செஞ்சு வைக்கறேன். பத்துப் பேருக்கு அடிச்சா ரெண்டு பேர் போனாலே அதிசயம்னுதான் இப்பவும் சொல்வேன்.

அக்கரைச்சீமை:
ரெண்டு பேர் போகட்டும் சார். பல் பிரிவுல வர்றவங்க சீட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்க, மாசக் கடைசியில எண்ணிப் பாத்துட்டு இங்கயே வந்து சண்டை போடலாம்.