புதுப்பிப்பு: ஒற்றைச்சக்கர மிதிவண்டிப் பந்தயத்தில் சக்கர அளவும் வயதுப் பிரிவும்

எங்கள் குழுவின் ஓடுதளப் பந்தயத்திற்குச் சக்கர அளவை எப்படி வரையறுப்பது, சிறுவர்களை எப்படிப் பிரிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பந்தயம் நடந்து முடிந்தது.

டயரில் அச்சிட்ட அங்குலக் கணக்கை நம்பாமல், பன்னாட்டு ஒற்றைச்சக்கர மிதிவண்டிக் கூட்டமைப்பின் விதியைப் பின்பற்றுங்கள் என்ற யோசனையே பலன் தந்தது. அதன்படி 24 அங்குலப் பிரிவில் டயரோடு சேர்த்த வெளிவிட்டம் 618 மி.மீ.க்கு மிகாமலும், கிராங்கின் (மிதியைச் சக்கர அச்சோடு இணைக்கும் தண்டின்) நீளம் 125 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பத்து வயது வரையிலானவர்களின் 20 அங்குலப் பிரிவில் இவை முறையே 518, 100 மி.மீ. கிராங்கிற்கு ஏன் வரம்பு என்று முதலில் நான் ஐயுற்றேன். அது குட்டையானால் பாதம் சுற்றும் வட்டம் சிறுத்து, அதே சக்கரத்தை விரைவாகச் சுழற்ற முடிகிறது என்பதே காரணம். வயதைப் போட்டியின் முதல் நாளை வைத்துக் கணக்கிட்டோம்.

எதிர்பாராதது ஒன்று: 24 என்று குறித்திருந்த இரண்டு வண்டிகள் தடித்த டயரால் வரம்பைத் தாண்டின. சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க் குறுக்கிட்டதால் விட்டத்தை நேராக அளக்க இயலவில்லை. ஆளேறாமல் ஒரு முழுச்சுற்று உருட்டி, தரையில் கடந்த தொலைவு, 618 மி.மீ. விட்டத்தின் சுற்றளவான ஏறத்தாழ 1941 மி.மீ.க்கு மேற்படுகிறதா என்று பார்த்தோம். மெல்லிய டயர் மாட்டியபின் இருவரும் பங்கேற்றனர்.